கேட்டு எடுப்பது: வேல்ஸ் கதைகளோடு காட்டுக் கீரை பறிக்கத் தொடங்குவோருக்கு

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியின் முதல் கதை ஒரு மரியாதைக் குறைவில் தொடங்குகிறது. டவெட் நாட்டு அரசன் புய்ல் வேட்டைக்குப் போகிறான். காட்டுக்குள் ஓர் ஆண்மானை வேறு யாருடைய நாய்களோ வீழ்த்தியிருக்கின்றன. உடம்பெல்லாம் பளீர் வெள்ளை, காது மட்டும் சிவப்பு. அப்படிப்பட்ட நாய்களை அவன் பார்த்ததே இல்லை. இருந்தும் அவற்றை விரட்டிவிட்டு, அந்த மானைத் தன் நாய்களுக்குத் தின்னக் கொடுக்கிறான். நாய்களுக்குச் சொந்தக்காரன் வந்து நிற்கிறான்: அராவ்ன், அன்னூன் என்னும் மறு உலகத்தின் அரசன். இவ்வளவு பெரிய அவமரியாதையை நான் கண்டதில்லை என்கிறான். அதற்கு ஈடாக புய்ல் ஒரு வருடம் அராவ்னின் உருவத்தில் அன்னூனில் வாழ்ந்து, அவனுடைய எதிரியோடு சண்டையிட வேண்டியதாகிறது.

காட்டில் பறித்துச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நாம் போகிற இடத்தில் எதுவும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. நிலத்துக்கு உரிமையாளர் இருக்கிறார், இலைக்குப் புழு இருக்கிறது, பழத்துக்குப் பறவை இருக்கிறது. கேட்டுவிட்டு எடுக்கிற பழக்கம் வந்துவிட்டால், வேல்ஸில் இயற்கை வழிபாடு என்று சொல்வதில் பாதி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான் கார்மார்தன்ஷயருக்குக் குடிவந்து எட்டு வசந்தம் ஆகிறது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு, எந்த வரிசையில் தொடங்கினால் நல்லது என்று எழுதுகிறேன்.

முதலில் கதை, பிறகு கூடை

கூடை வாங்குவதற்கு முன் மாபினோகியின் நான்கு கிளைகளையும் படித்துவிடுங்கள். 'கிளை' என்றுதான் அந்தக் கதைகளுக்குப் பெயர். இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். வெல்ஷ் மொழியில் இவை 14ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் கிடைக்கின்றன. கதைகள் அதற்கும் மூத்தவை. சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சியோனட் டேவிஸ் 2007இல் செய்த மொழிபெயர்ப்பு வாசிக்க இன்னும் இயல்பாக இருக்கும்.

கதையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அந்தப் பழைய சுவடிகளில் ஒன்றான ஹெர்கெஸ்ட் செம்புத்தகத்தைப் பாருங்கள். 1382க்குப் பிறகு எழுதத் தொடங்கிய பெரிய தோல் ஏடு. அதே ஏட்டில் மாபினோகிக் கதைகளும் இருக்கின்றன, மத்வை என்ற ஊரின் மருத்துவர்கள் சொன்ன மூலிகைக் குறிப்புகளும் இருக்கின்றன. எழுதியவர்களுக்குக் கதையும் மூலிகையும் ஒரே அட்டைக்குள் வைக்கக்கூடியவையாக இருந்திருக்கின்றன. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களைச் சொல்லிப் பழகுங்கள். வெல்ஷில் 'ல்' இரட்டித்து வந்தால், நாக்கை நம் 'ல'வுக்கு வைப்பது போல வைத்து, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். ஏரி என்பதற்கான 'லின்' அப்படித்தான் தொடங்கும். தமிழ் எழுத்தில் அந்த ஒலி வராது, வாயில் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஊர்க்காரரிடம் அவர் ஏரியின் பெயரைச் சரியாகச் சொன்னால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

ஒரு சதுர மைல்

வெல்ஷில் 'மில்டிர் ஸ்க்வார்' என்று ஒரு சொல் உண்டு. சதுர மைல் என்று பொருள். ஒருவர் பிறந்து வளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த இடம் அது. 'கனெவின்' என்று இன்னொரு சொல். மலையில் மேயும் ஆட்டு மந்தை, வேலியே இல்லாமல், தாய் காட்டிக் குட்டி கற்று, தலைமுறையாகத் தனது என்று அறிந்திருக்கும் மேய்ச்சல் எல்லை.

உங்களுக்கும் ஒரு சதுர மைலைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகக்கூடியதாக இருக்கட்டும். ஓர் ஓடை, கொஞ்சம் மரம், ஒரு வேலிப் புதர் இருந்தால் போதும். மாதம் இரண்டு முறையாவது, மழையானாலும் போங்கள். (மழை பார்த்துப் போவதென்றால் வேல்ஸில் வெளியே போகவே முடியாது.) முதல் மூன்று மாதம் எதையும் பறிக்காதீர்கள். எங்கே எது முளைக்கிறது, எந்த வயலுக்கு மருந்து தெளிக்கிறார்கள், நாய்களை எந்தப் பாதையில் நடத்துகிறார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அந்த நோட்டுதான் அடுத்த வருடம் உங்களுக்கு வழிகாட்டி.

அந்த மைலுக்குள் ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, போகும்போதெல்லாம் இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் மனசு வீட்டு வேலையைத்தான் நினைக்கும். அப்புறம் பறவைகள் உங்களை மறந்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கும். புத்தி தெளிந்து நிதானத்துக்கு வருவதை வெல்ஷில் 'என் மரங்களிடம் திரும்பி வந்தேன்' என்றுதான் சொல்வார்கள். பேச்சுவழக்கு மரபுத்தொடர் அது, சாமியார் வாக்கு இல்லை.

கேட்பது என்றால் என்ன

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, தானாக வளரும் செடியின் இலை, பூ, பழம், காளான் இவற்றை வீட்டுத் தேவைக்குப் பறிப்பது திருட்டு ஆகாது; விற்பதற்குப் பறித்தால் ஆகும். 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, எந்தக் காட்டுச் செடியையும் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்கக் கூடாது. சில அரிய செடிகளைத் தொடவே கூடாது. இயற்கைக் காப்பிடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. நடக்க உரிமை உள்ள மலைநிலம் என்பதால் அங்கே பறிக்கவும் உரிமை உண்டு என்று ஆகாது. பண்ணையாக இருந்தால் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். என் அனுபவத்தில், கேட்டவருக்கு எந்த மூலையில் நல்ல பழம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள்.

புய்ல் இதைக் கற்றுக்கொள்ள இன்னொரு பாடமும் வேண்டியிருந்தது. அர்பெர்த் மேட்டில் அவன் உட்கார்ந்திருக்கும்போது, பொன்பட்டு உடுத்திய பெண்ணொருத்தி வெண்குதிரையில் மெதுவாகக் கடந்து போகிறாள். ஆளனுப்பித் துரத்துகிறான், நல்ல குதிரை கொடுத்துத் துரத்தச் சொல்கிறான், மூன்றாம் நாள் தானே துரத்துகிறான். எவ்வளவு வேகம் போனாலும் இடைவெளி குறையவில்லை. கடைசியில், கொஞ்சம் நில்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கிறான். சந்தோஷமாக நிற்கிறேன், இதை முன்பே கேட்டிருந்தால் உன் குதிரைக்கு நன்றாக இருந்திருக்கும் என்கிறாள் ரியானன். ஒரு செடியின் முன்னால் குனியும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வருகிறது. செடியிடம் நான் வாய்விட்டே கேட்கிறேன். பதில் என்ன என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சுற்றிலும் பாருங்கள்: அந்த வகைச் செடி அங்கே ஏராளமாக இல்லையென்றால், பதில் 'இல்லை' என்பதுதான்.

முதல் வருடத்துக்கு நான்கு செடி போதும்

கெரிட்வென் என்ற மந்திரக்காரியின் கதையில், அவள் ஒரு வருடமும் ஒரு நாளும் மூலிகை பறித்துப் பறித்துக் கொப்பரையில் கொதிக்க வைக்கிறாள். டெகிட் ஏரிக்கரையில் நடப்பது. ஞானம் தருவது அதில் மூன்றே துளி. அந்த மூன்று துளியும் காவலிருந்த சிறுவன் குவியோன் மீது தெறித்துவிட, கொப்பரை வெடிக்கிறது, மிச்சமெல்லாம் நஞ்சு. ஓடையில் கலந்த அந்த நஞ்சைக் குடித்துக் குதிரைகள் சாகின்றன. மூலிகை பறிக்கிறவர்கள் மறக்கக்கூடாத கணக்கு அது.

எனவே முதல் வருடம் சமையலுக்கு நான்கே செடி.

ஒன்று, காஞ்சொறி (நெட்டில்). மார்ச், ஏப்ரலில் கையுறை போட்டு நுனி நாலைந்து இலைகளைக் கிள்ளுங்கள். பூத்துவிட்டால் விட்டுவிடுங்கள். கொதிநீரில் போட்டதும் சுணை அடங்கிவிடும். பாசிப்பருப்போடு கடைந்து, சீரகம், வரமிளகாய் தாளித்தால் நம் கீரைக் கடையலேதான். நிறம் மட்டும் இன்னும் அடர்ந்த பச்சை.

இரண்டு, காட்டுப் பூண்டு. வெல்ஷில் இதற்கு ஆட்டுப் பூண்டு என்று பெயர். ஏப்ரலில் ஈரமான காட்டுத் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும், தூரத்திலேயே வாசனை வந்துவிடும். துவையலுக்கு இதைவிட நல்லது இங்கே எதுவும் இல்லை. ஆனால் இங்கே நிதானம் வேண்டும். என் முதல் ஏப்ரலில், கைப்பிடி கைப்பிடியாகப் பறித்து வந்து சமையலறை மேடையில் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓர் இலை மட்டும் விரலுக்கு வேறு மாதிரி பட்டது, கொஞ்சம் தடிப்பாக, மெழுகு பூசியது போல. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூண்டு இலையில் நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும். இதிலோ வலை பின்னியது போல் கிளை விட்டிருந்தது, விளிம்பை ஒட்டி ஒரு கோடும் ஓடியது. ஆரம் செடியின் இலை. சேம்புக் குடும்பம், சேம்பைப் பச்சையாகக் கடித்தால் நாக்கில் என்ன ஆகுமோ அதைவிடக் கடுமையாக வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வளர்ந்த ஆரம் இலைக்கு அடியில் அம்பு முனை போல இரண்டு காது இருக்கும். இளம் இலைக்கு அது இருக்காது, அதனால்தான் ஏமாந்துவிட்டேன். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது, பத்து இலை பறித்த பிறகு கை முழுக்கப் பூண்டு வாசனைதான். அன்றிலிருந்து கைப்பிடியாக அள்ளுவதில்லை, ஒவ்வோர் இலையாகப் பார்த்துத்தான் கிள்ளுகிறேன். 'லில்லி ஆஃப் த வேலி' இலையும் இதே சாயலில் இருக்கும். அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

மூன்று, ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவில் விளையும் லீஸ் (பில்பெர்ரி) பழம். முழங்கால் உயரப் புதர், கருநீலச் சிறு பழம், நாக்கு ஊதாவாகிவிடும். உட்கார்ந்து பறிக்க வேண்டியிருப்பதால் உண்ணியைக் கவனியுங்கள்; வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள், சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். நான்கு, இலையுதிர் காலத்தில் வேலியெங்கும் காய்க்கும் பிளாக்பெர்ரி. இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

விலக்க வேண்டியவற்றில் இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடையோரத்தில் கொத்தமல்லி, செலரி சாயலில் இலையும், குடை விரித்தது போல வெள்ளைப் பூவும் உள்ள செடிகளைத் தொடவே வேண்டாம். வேல்ஸ் ஓடைகளில் நிறைய வளரும் 'ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வொர்ட்' கொடிய நஞ்சு. அதன் வேர்க்கிழங்கு உயிரைக் குடிக்கும். அடுத்தது வாட்டர்கிரெஸ் கீரை. செடி நல்லதுதான், ஆனால் ஆடு மேயும் நாட்டில் ஓடைத் தண்ணீரில் கல்லீரல் புழுவின் முட்டைப்பருவம் தாண்டிய கூடுகள் இலையில் ஒட்டியிருக்கும். பச்சையாகத் தின்னவே கூடாது. எதையாவது தின்று உடம்புக்கு முடியாமல் போனால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள், மிச்சமிருக்கும் இலையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடற்பாசிக் கப்பல்

நான்காம் கிளையின் நாயகன் குவிடியன் என்ற மாயாவி. லெய் என்ற பையனுக்குப் பெற்ற தாய் அரியன்ரோடே பெயர் வைக்க மறுக்கிறாள். நான் வைத்தால்தான் உண்டு என்று சாபமும் இடுகிறாள். குவிடியன் கடற்கரையில் கிடந்த பாசியைக் கொண்டு ஒரு கப்பல் செய்கிறான், அதே பாசியிலிருந்து வண்ணத் தோலும் செய்து, செருப்புத் தைப்பவன் வேடத்தில் அவள் கோட்டை வாசலுக்குப் போய் அவள் வாயாலேயே பெயரை வரவழைத்துவிடுகிறான். டினாஸ் டின்லே கடற்கரைக்கு எதிரே, தண்ணீர் மிகவும் இறங்கும் நாளில் மட்டும் தலைகாட்டும் பாறைத்திட்டை இன்றும் கேர் அரியன்ரோட் என்றே அழைக்கிறார்கள்.

நிஜத்திலும் வேல்ஸ்காரர்கள் பாசியைச் சாப்பாடாக மாற்றியிருக்கிறார்கள். 'லேவர்' என்னும் கறுப்புப் பாசி, ஈரமான பிளாஸ்டிக் தாள் போலப் பாறையில் ஒட்டிக் கிடக்கும். அதை மணல் போக ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, ஐந்தாறு மணி நேரம் வேகவைத்தால் கரும்பச்சைக் கூழாகும். பாரா லாவ்ர் என்று பெயர். ஓட்ஸ் மாவில் பிசைந்து வடை போலத் தட்டிப் பொரித்து, சிப்பியோடு காலை உணவாக உண்பார்கள். முதலில் ஸ்வான்சி சந்தையில் கால் கிலோ வாங்கி ருசி பாருங்கள். பிடித்திருந்தால் கடலுக்குப் போகலாம்.

போகும்போது ஓதப் பட்டியலைப் பாருங்கள். செவர்ன் கழிமுகத்தில் தண்ணீர் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும், உலகிலேயே மிக அதிகமான இடங்களில் அது ஒன்று. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். பாசியைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டி, அடிப்பிடியைப் பாறையிலேயே விடுங்கள். ஊர்க் கழிவுநீர் கலக்கும் கரை வேண்டாம்.

காளான் கேடயம்

இதே குவிடியன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். தெற்கே, புய்லின் மகன் ப்ரடெரியிடம் இருக்கும் பன்றிகளைத் தந்திரமாக வாங்கத் திட்டமிடுகிறான். காட்டுக் காளான்களை மந்திரத்தால் பன்னிரண்டு பொற்கேடயங்களாக்கி, மாயக் குதிரைகளோடும் நாய்களோடும் கொடுத்துப் பன்றிகளை வாங்கிவிட்டு ஓடுகிறான். மந்திரம் ஒரே நாள்தான் நிற்கும். மறுநாள் உண்மை தெரிந்து, போர் மூண்டு, ப்ரடெரி சாகிறான். குவிடியனும் அவன் தம்பியும் தண்டனையாக ஒரு வருடம் மானாக, ஒரு வருடம் காட்டுப்பன்றியாக, ஒரு வருடம் ஓநாயாக வாழ வேண்டி வருகிறது.

காளான் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ஓர் ஆண்டு பார்க்க மட்டும் செய்யுங்கள். பிறகு விவரம் தெரிந்தவரோடு நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். படம் பார்த்து அடையாளம் சொல்லும் செயலிகளை நம்பி வாயில் வைக்காதீர்கள். 'டெத் கேப்' என்னும் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது; தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வயிற்றைப் பிடிக்கும், அதற்குள் கல்லீரலில் வேலையைத் தொடங்கியிருக்கும்.

கும்பிடுவது

பழைய ட்ரூயிட் பூசாரிகள் எழுதி வைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. ஆங்கில்சீ தீவில் ரோமப் படை அவர்களைத் தாக்கியதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்; இப்படி வெளியாட்கள் எழுதிய குறிப்புகள்தான் உண்டு. இன்று பார்க்கும் கோர்செட் என்னும் கவிஞர் சபைச் சடங்கின் பெரும்பகுதி, யோலோ மோர்கான்வக் என்ற கவிஞர் 1792இல் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் தொடங்கி வைத்தது. இதைத் தெரிந்துகொள்வதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. சடங்கு புதிதாக இருக்கலாம், மலை பழையதுதான்.

கற்களைப் பார்க்கப் போங்கள். பெம்ப்ரோக்ஷயரில் பென்ட்ரே இவான், மூன்று கல் நுனியில் ஐந்து மீட்டர் நீளப் பாறை நிற்கிறது. ஆங்கில்சீயில் பிரின் கெலி தீ என்னும் கற்காலக் கல்லறை, அங்கே ஜூன் மாத நெடும்பகல் நாளில் சூரியன் உதிக்கும்போது ஒளி நடைவழியில் நுழைந்து உள்ளறையைத் தொடும். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள், கல்லில் எதையும் பூசாதீர்கள். பாலியஸ்டர் ரிப்பனை மரத்தில் கட்டினால் அது வருடக்கணக்கில் மக்காமல் கிளையை இறுக்கும். எதுவும் விட்டுவர வேண்டாம். படைக்கத் தோன்றினால், கீழே கிடக்கும் குப்பையைப் பொறுக்கி எடுத்து வாருங்கள்.

என் சொந்த இடம் லின் அ வான் வாக் ஏரி. லான்தைசாந்திலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். ஏரியிலிருந்து வந்த பெண் நன்கு வெந்த ரொட்டியையும் வேண்டாம் என்று, வேகாத மாவையும் வேண்டாம் என்று, அரைவேக்காட்டு ரொட்டியை ஏற்று ஒருவனை மணந்தாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள், மூன்றாம் அடியில் மாடுகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டாள். பிள்ளைகளுக்காக மட்டும் திரும்பி வந்து மூலிகைகளைக் காட்டிக் கொடுத்தாள். அவர்கள் வழி வந்தவர்களே மத்வை மருத்துவர்கள் என்பது கதை. ஏரிக்கு மேலே உள்ள மலைமுகட்டில், வெண்கலக் காலக் கல்லறை ஒன்றை அகழ்ந்தபோது எர்வைன் (மெடோஸ்வீட்) பூவின் மகரந்தம் கிடைத்திருக்கிறது. இறந்தவரோடு யாரோ பூ வைத்திருக்கிறார்கள்.

மூன்று பூவுக்கு ஒரு வருடம்

எர்வைன் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் கடைசிப் படி. லெய்க்கு மனிதப் பெண் யாரும் மனைவியாக முடியாது என்று தாய் சாபமிட, குவிடியனும் மாத் அரசனும் ஓக், பனடில் (ப்ரூம்), எர்வைன் ஆகிய மூன்றின் பூக்களால் ஒரு பெண்ணைச் செய்கிறார்கள். ப்ளொடைவெத். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வேறொருவனை விரும்பி லெய்யைக் கொல்லத் துணிந்தபோது, குவிடியன் அவளை ஆந்தையாக்கிவிடுகிறான்.

இந்த மூன்று பூவும் ஒரே வாரத்தில் கிடைக்காது என்பதை, தேடிப் போனபோதுதான் கண்டேன். உங்கள் சதுர மைலில் இவற்றைத் தேடுவதையே முதல் வருட நோன்பாக வைத்துக்கொள்ளலாம். ஓக் ஏப்ரல் கடைசியில், இலை விரியும்போதே பூக்கும். பச்சை நூலில் மணி கோத்தது போலத் தொங்கும், பலர் அதைப் பூ என்றே நினைப்பதில்லை. பனடில் மே மாதம், மஞ்சள். அதே நிறத்தில் எய்தின் (கோர்ஸ்) என்ற புதரும் பூக்கும். முள் குத்தி, பூவில் தேங்காய் வாசனை வந்தால் எய்தின். முள் இல்லாவிட்டால் பனடில். பனடில் நஞ்சு, பார்ப்பதற்கு மட்டும். எர்வைன் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஓடையோரத்தில், பால் நுரை போல. காம்பைக் கசக்கினால் தைலம் தேய்த்தது போல மணக்கும். ஆஸ்பிரின் என்ற பெயர் வந்ததே இந்தச் செடியின் பழைய தாவரவியல் பெயரிலிருந்துதான். அதனால் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் இதைக் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் இரண்டு கொத்து மட்டும் பறித்து, நிழலில் தலைகீழாகக் கட்டிக் காயவைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த பூவை மூடி போட்ட பாட்டிலில் வைத்துவிட்டு அக்டோபர் வரை பொறுங்கள். ஆந்தைகள் தம் எல்லைக்காகக் குரல் கொடுப்பது அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். காற்றில்லாத ஓர் இரவில் கொஞ்சம் பூவைக் கொதிநீரில் ஊறவைத்து, கோப்பையோடு வாசலில் போய் நில்லுங்கள். பெண் ஆந்தை கூர்மையாகக் 'கீவிக்' என்னும். அதற்கு ஆண் ஆந்தை, வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நீளமாகப் பதில் சொல்லும்.